1500 மீட்டர் உயரத்தில் திட்ட வெப்பநிலை 15-ஆ, 5.25-ஆ? – அடர்த்தி உயரக் கணக்கு

கேள்வி – மார்ச் 2, காலை

தொலைதூரச் சுடுதளம் 1500 மீட்டர் உயரத்தில். வெயில் 28 டிகிரி செல்சியஸ். குண்டின் பாதையைக் கணக்கிடும் பாலிஸ்டிக் ஆப் அடர்த்தி உயரத்தைக் கேட்கிறது, அதாவது இங்குள்ள காற்றின் அடர்த்தி திட்டக் காற்றில் எந்த உயரத்தில் வருமோ அந்த உயரத்தை. சூத்திரம் தெரியும்: அழுத்த உயரம் + 36 × (இப்போதைய வெப்பநிலை − திட்ட வெப்பநிலை). அழுத்த உயரம் என்பது இங்குள்ள அழுத்தம் திட்டக் காற்றில் எந்த உயரத்தில் வருமோ அது. திட்ட வெப்பநிலை என்றால் 15 டிகிரி, அது மாறாது என்று நண்பர் சொல்கிறார். அப்படிப் போட்டால் 1968 மீட்டர். உயரத்துக்கு ஏற்பக் குறைத்து 5.25 டிகிரி என்று போட்டால் 2319 மீட்டர். 350 மீட்டர் வித்தியாசம். எது சரி?

மார்ச் 2, மாலை

5.25 தான் சரி. 15 டிகிரி என்பது கடல்மட்டத்துக்கான திட்ட வெப்பநிலை மட்டும். சர்வதேசத் திட்ட வளிமண்டலம் கடல்மட்டத்தில் 15 டிகிரி, 1013.25 ஹெக்டோபாஸ்கல், ஈரப்பதம் பூஜ்யம், கன மீட்டருக்கு 1.225 கிலோ என்று ஆரம்பித்து, மேலே போகப்போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6.5 டிகிரி குறைத்துக்கொண்டே போகிறது. 11 கிலோமீட்டர் வரை இதே வீதம்தான். ஆக 1500 மீட்டரில் 15 − 9.75 = 5.25.

இந்த 6.5-ஐ விட்டுவிட்டு எல்லா இடத்திலும் 15 போட்டால், அழுத்த உயரம் ஒரு கிலோமீட்டர் கூடும்போதெல்லாம் விடை 235 மீட்டர் குறைவாக வரும். கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் சுடுபவர்களுக்குத் தெரியவே தெரியாது. உங்கள் தளத்தில் காற்று நிஜத்தில் இருப்பதைவிட 3 சதவீதத்துக்கு மேல் கனமாக இருப்பதாக ஆப் நினைத்துக்கொள்ளும். 175 கிரெய்ன் எடையுள்ள .308 குண்டுக்கு 1000 கஜத்தில் அது கால் மில் (மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆப் அந்த அளவு அதிகமாக ஏற்றச் சொல்லும், அதனால் குண்டு மேலே போகும்.

இன்னொன்று. திட்ட வெப்பநிலை கண்டுபிடிக்க எந்த உயரத்தைப் போடுவது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். வரைபடத்தில் இருக்கும் உயரம் வேண்டாம், அழுத்த உயரத்தைப் போடுங்கள். இரண்டுக்கும் 100 மீட்டர் வித்தியாசம் இருந்தால் வெப்பநிலையில் 0.65 டிகிரிதான் மாறும், பெரிய பாதிப்பு இல்லை. ஆனாலும் முதல் படியில் எடுத்த அதே எண்ணையே கடைசி வரை கொண்டுபோனால் குழப்பம் வராது.

மார்ச் 2, இரவு

வேதியியல் புத்தகத்தில் வரும் திட்ட வெப்ப அழுத்த நிலை 0 டிகிரி. அதற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டையும் கலந்து ஒரு கேள்வி வந்ததால் சொல்லிவைக்கிறேன்.

மார்ச் 3

36-ஆல் பெருக்கும் சூத்திரம் வெறும் தோராயம். முழுக் கணக்கையும் ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டால் ஆப் தரும் எண்ணை நம்பலாமா வேண்டாமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். தளத்தில் கருவி காட்டும் நேரடி அழுத்தம் 925 ஹெக்டோபாஸ்கல், வெப்பநிலை 32 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம்.

முதலில் நீராவி அழுத்தம். செறிவு நிலையில் அது 6.1078 × 10^(7.5 × வெ ÷ (வெ + 237.3)). இங்கே வெ என்பது செல்சியஸ் வெப்பநிலை. 32 போட்டால் 47.5 ஹெக்டோபாஸ்கல். அதில் 40 சதவீதம் 19.0.

உலர் காற்றின் பங்கு 925 − 19 = 906. இனி எல்லாவற்றையும் பாஸ்கலுக்கும் கெல்வினுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். 32 டிகிரி என்பது 305.15 கெல்வின்.

அடர்த்தி = 90600 ÷ (287.05 × 305.15) + 1900 ÷ (461.5 × 305.15) = 1.0343 + 0.0135 = 1.048.

இதை 1.225-ஆல் வகுத்தால் 0.855. அதாவது கடல்மட்டத் திட்டக் காற்றில் 85.5 சதவீதம்.

அடர்த்தி உயரம் = 44,331 × (1 − 0.8554^0.235) = 1598 மீட்டர். அடியில் 5240.

இங்கே இரண்டு இடத்தில் கை தவறும். ஹெக்டோபாஸ்கலை 100-ஆல் பெருக்காமல் விட்டால் அடர்த்தி 0.01 என்று வரும், பார்த்தவுடன் பிடித்துவிடலாம். அடுக்கு எண் 0.235-க்குப் பதிலாக 0.190 போட்டுவிட்டால் விடை 1300 பக்கம் வரும். அது நம்பும்படியான எண் என்பதால் கண்ணில் படாமல் போய்விடும். 0.190 என்பது அழுத்தத்திலிருந்து உயரம் எடுக்க, 0.235 என்பது அடர்த்தியிலிருந்து உயரம் எடுக்க.

மார்ச் 3, சற்று நேரம் கழித்து

அதே எண்களைக் குறுக்குவழியில் போட்டால் என்ன வருகிறது என்றும் பார்த்துவிடலாம்.

அழுத்த உயரம் = 44,331 × (1 − (925 ÷ 1013.25)^0.1903) = 762 மீட்டர். அங்கே திட்ட வெப்பநிலை 10.05. நிஜ வெப்பநிலை அதைவிட 21.95 டிகிரி அதிகம். 36.2-ஆல் பெருக்கினால் 795. மொத்தம் 1557.

ஈரப்பதத்தைப் பூஜ்யம் என்று வைத்து முழுக் கணக்கையும் போட்டால் 1520 வரும். ஆக, வெயில் நேரத்தில் குறுக்குவழி உலர் காற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறது. ஈரமான காற்றின் உண்மை விடை அதற்கும் மேலே, 1598. குறுக்குவழி ஈரப்பதத்தைக் கண்டுகொள்வதே இல்லை, இருந்தாலும் அதன் பிழை நல்ல பக்கம் சாய்ந்திருப்பதால் வெப்பமான இடங்களில் ஏறக்குறைய 40 மீட்டர் பக்கத்தில் வந்து நிற்கிறது. 40 மீட்டர் என்றால் அடர்த்தியில் 0.4 சதவீதம். தளத்தில் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு போடும் கணக்குக்கு இது தாராளம்.

அடிக் கணக்கில் பழகியவர்களுக்கு: 1000 அடிக்கு 1.98 டிகிரி குறைக்கவும், ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 118.8 அடி கூட்டவும்.

மார்ச் 5

"எங்கள் பக்கத்து விமான நிலையம் 1012 என்று காட்டுகிறது, அதையே போட்டேன். குண்டு எல்லாம் மேலே போகிறது."

இந்த விஷயத்தில் இதைவிடப் பெரிய பிழை கிடையாது. வானிலை அறிக்கையிலும் செல்போனிலும் வரும் அழுத்தம் கடல்மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட அழுத்தம். குண்டு பறப்பது உங்கள் தளத்தின் காற்றில். அதன் அழுத்தம்தான் வேண்டும். அதை நிலைய அழுத்தம் என்பார்கள்.

மேலே போட்ட உதாரணத்தில் 925-க்குப் பதிலாக 1013 போட்டால் அடர்த்தி 1.048 என்பது 1.149 ஆகிவிடும், கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடுதல். 1000 கஜத்தில் ஆப் 0.8 மில் அதிகமாக ஏற்றச் சொல்லும். குண்டு இலக்கின் நடுவிலிருந்து 70 சென்டிமீட்டர் மேலே போய்விடும். பலகையிலேயே படாது.

விமான நிலையம் தரும் கடல்மட்ட எண்ணை (அதற்குக் கியூஎன்ஹெச் என்று பெயர்) மாற்றிக்கொள்ள வழி உண்டு:

நிலைய அழுத்தம் = கியூஎன்ஹெச் × (1 − 0.0065 × உயரம் ÷ 288.15)^5.256

உயரம் மீட்டரில், உங்கள் சுடுதளத்தின் உயரம். விமான நிலையத்தின் உயரத்தைப் போட்டுவிட வேண்டாம். 760 மீட்டருக்கு அந்த அடைப்புக்குறி முழுவதும் 0.913 ஆகிவிடும். தளத்தின் உயரம் மாறப்போவதில்லை, ஆகவே இந்த ஒரு பெருக்கு எண்ணை முன்கூட்டியே கண்டுபிடித்து டேப்பில் எழுதித் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிவிடலாம். கியூஎன்ஹெச் 1005 என்றால் 918, 1020 என்றால் 931.

ஒரு நுணுக்கம் உண்டு. இந்தச் சூத்திரம் கியூஎன்ஹெச் எண்ணுக்கு மட்டுமே சரியாக வரும். விமானிகளுக்கான மெட்டார் அறிக்கையில் கியூ என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் எண் அது. வானிலை வரைபடங்களில் வரும் கடல்மட்ட அழுத்தம் அன்றைய நிஜ வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. உயரமான இடத்தில் இரண்டும் சில ஹெக்டோபாஸ்கல் வேறுபடலாம். மெட்டார் கிடைத்தால் அதையே எடுங்கள்.

மார்ச் 5, மதியம்

கையில் கருவி வைத்திருப்பவர்களும் இதே பள்ளத்தில் விழுகிறார்கள். கெஸ்ட்ரெல் போன்ற கருவிகளில் பாரோமீட்டர் திரை ஒரு குறிப்பு உயரத்தை வைத்துக்கொண்டு கடல்மட்ட எண்ணைக் காட்டும். அந்தக் குறிப்பு உயரத்தைப் பூஜ்யம் என்று மாற்றினால் திரையில் தெரிவது நேரடி நிலைய அழுத்தம். அப்புறம் அதைத் தொடவே வேண்டாம்.

சரிபார்க்க ஒரே கேள்வி போதும்: 1500 மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு திரையில் 1000-க்கு மேல் தெரிகிறதா? அப்படியென்றால் அது நிலைய அழுத்தம் இல்லை. அந்த உயரத்தில் 845 பக்கம்தான் காட்ட வேண்டும்.

ஆப்பிலும் இதற்கு ஒரு பொத்தான் இருக்கும். "நேரடி அழுத்தம்" என்று தேர்ந்தெடுத்தால் உயரக் கட்டம் மறைந்துபோகும், அல்லது கணக்கில் சேராது. சேர்ந்தால், உயரத்தை இரண்டு முறை கழிக்கிறீர்கள் என்று பொருள். அப்போது பிழை எதிர்ப்பக்கம் போகும், குண்டு தாழும்.

மார்ச் 6

அழுத்தமே இல்லாமல், தள உயரத்தையே அழுத்த உயரமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டவருக்கு: அவசரத்துக்குச் செய்யலாம். வானிலையால் அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் ஏறி இறங்கினால் அடர்த்தி உயரம் 100 மீட்டர் மாறும், அடர்த்தி 1 சதவீதம் மாறும். 1000 கஜத்தில் ஒரு கிளிக் (ஸ்கோப் திருகின் ஒரு படி, 0.1 மில்). புயல் சின்னம் பக்கத்தில் இருக்கிற நாளில் மட்டும் இதை நம்பாதீர்கள்.

மனதில் வைத்துக்கொள்ள மூன்று எண்கள் போதும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு 10 மீட்டர். ஒரு டிகிரிக்கு 35 மீட்டர். 100 மீட்டருக்கு அடர்த்தி 1 சதவீதம்.

அழுத்த உயரம் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு 8 மீட்டர் சொச்சம்தானே மாறும், 10 எங்கிருந்து வந்தது என்று நிச்சயம் யாராவது கேட்பீர்கள். அழுத்தம் குறைந்து அழுத்த உயரம் 8.4 மீட்டர் ஏறும்போது திட்ட வெப்பநிலையும் 0.055 டிகிரி இறங்குகிறது. நிஜ வெப்பநிலை மாறாததால் வித்தியாசம் அந்த அளவு கூடுகிறது. அதை 36-ஆல் பெருக்கினால் இன்னொரு 2 மீட்டர். மொத்தம் 10.4. முதல் கேள்வியில் நண்பர் சொன்னபடி 15-ஐ அசையாமல் வைத்தால் காணாமல்போவது இந்த 2 மீட்டர்தான். ஒவ்வொரு ஹெக்டோபாஸ்கலுக்கும் போய்ப்போய் அங்கே 350 ஆகச் சேர்ந்திருக்கிறது.

மார்ச் 7

ஈரக் காற்று கனமா, லேசா?

லேசு. நீர் மூலக்கூறின் எடை 18, உலர் காற்றின் சராசரி 29. அதே அழுத்தத்தில் நீராவி புகுந்தால் கனமான மூலக்கூறுகள் வெளியேறி லேசானவை இடம் பிடிக்கின்றன. உடம்பு பிசுபிசுப்பதால் காற்று கனமாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

எவ்வளவு லேசு? நம் உதாரணத்தில் 32 டிகிரி, 40 சதவீதத்துக்கு அடர்த்தி 0.8 சதவீதம் குறைந்தது, அடர்த்தி உயரம் 78 மீட்டர் ஏறியது. 1000 கஜத்தில் 0.06 மில், ஒரு கிளிக்குக்கும் கீழே. 10 டிகிரிக் குளிரில் ஈரப்பதத்தைப் பார்க்கவே தேவையில்லை, அங்கே நீராவி அழுத்தம் 12.3 ஹெக்டோபாஸ்கலைத் தாண்டாது. 35 டிகிரியில் செறிவு அழுத்தம் 56. அங்கே மட்டும்தான் ஈரப்பதக் கட்டத்தைக் காலியாக விடுவது உறுத்தும்.

மெட்டாரில் ஈரப்பதம் இருக்காது, பனிப்புள்ளி இருக்கும். அதுவே மேல். மேலே கொடுத்த நீராவிச் சூத்திரத்தில் வெப்பநிலைக்குப் பதில் பனிப்புள்ளியைப் போட்டால் நேராக நிஜ நீராவி அழுத்தம் வந்துவிடும், சதவீதத்தால் பெருக்க வேண்டாம்.

மார்ச் 9

வெப்பநிலை அளப்பதில் அலட்சியம் அதிகம். ஈரப்பதத்தைப் பற்றி இத்தனை கேள்வி கேட்பவர்கள் கருவியை வெயிலில், பாயின் மேல் வைத்து எடுக்கிறார்கள். வெயிலில் கிடக்கும் கருவி 5 டிகிரி கூடுதலாகக் காட்டுவது சாதாரணம். அது 175 மீட்டர் அடர்த்தி உயரம், ஈரப்பதம் மொத்தத்தையும் மறந்தால் வரும் பிழையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல்.

சரியான முறை: உங்கள் உடம்பின் நிழலிலேயே, தரையிலிருந்து நெஞ்சு உயரத்தில், கயிற்றைப் பிடித்துக் கருவியைச் சுழற்றுங்கள், அல்லது உணரியில் காற்று படும்படி காட்டுங்கள். உள்ளங்கை உணரியைத் தொடக் கூடாது. எண் ஒரே திசையில் நகர்ந்துகொண்டிருக்கும்வரை காத்திருங்கள். சட்டைப் பையிலிருந்து எடுத்தவுடன் தெரியும் முதல் எண் உங்கள் உடம்பின் வெப்பம். சுழற்றச் சுழற்ற எண் இறங்கி ஓரிடத்தில் நின்று, கடைசி தசமம் மட்டும் மேலும் கீழும் ஆடத் தொடங்கும். அப்போது எழுதிக்கொள்ளுங்கள்.

சிமென்ட் தரைக்கும் உலோகக் கூரைக்கும் பக்கத்தில் அளக்காதீர்கள். குண்டு போகும் பாதையில் பெரும்பகுதி புல்லுக்கோ மண்ணுக்கோ மேலே, சில மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

மார்ச் 11

இத்தனையும் எதற்கு, எவ்வளவு மாறும் என்று பார்ப்போம். 175 கிரெய்ன் .308, ஜி7 பிசி (ஜி7 என்ற மாதிரிக் குண்டை வைத்து, காற்றை ஊடுருவிச் செல்லும் திறனைச் சொல்லும் எண்) 0.243, குழல்வாய் வேகம் வினாடிக்கு 792 மீட்டர், 100 கஜ ஜீரோ (அந்தத் தூரத்தில் குறியிலேயே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தது), ஸ்கோப் 5 சென்டிமீட்டர் மேலே. கடல்மட்டத் திட்டக் காற்றில் 1000 கஜத்துக்கு 11.9 மில் ஏற்றம் வருகிறது. நம் உதாரணக் காற்றில், அதாவது 925 ஹெக்டோபாஸ்கல், 32 டிகிரியில், 10.6 மில். வித்தியாசம் 1.2 முதல் 1.3 மில், தூரத்தில் 1.1 மீட்டருக்கு மேல்.

100 கஜ ஜீரோ? 0.01 மில்கூட நகராது. ஜீரோ சரியாக இருப்பதால் காற்றுக் கணக்கும் சரி என்று முடிவு கட்டுவதில் அர்த்தமில்லை.

கீழே இறங்கும் அளவைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம், பக்கக் காற்றையும் பாருங்கள். வினாடிக்கு 4 மீட்டர் வேகக் குறுக்குக் காற்றுக்குக் கடல்மட்டத்தில் 2.8 மில் பிடிக்க வேண்டும். உதாரணக் காற்றில் 2.25. ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, ஏற்றத்தில் குறைவதைவிட விகிதத்தில் இது பெரிது. உயரமான தளத்துக்கு வந்தவர்கள் ஏற்றத்தை ஆப்பில் திருத்திக்கொண்டு, காற்றுக்கு மட்டும் பழைய மனக்கணக்கிலேயே பிடித்தால் குண்டு காற்று வரும் பக்கமே போய் விழும்.

மார்ச் 12

நேற்று எழுதியதை இன்னொரு முறை பார்த்தபோது அதோடு ஒன்றைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று தோன்றுகிறது. இந்த இழையிலேயே முக்கியமானது இதுதான் என்பது என் எண்ணம்.

1.2 மில் வித்தியாசம் அடர்த்தியால் மட்டும் வரவில்லை. ஒலியின் வேகமும் மாறியிருக்கிறது. 15 டிகிரியில் ஒலி வினாடிக்கு 340 மீட்டர், 32 டிகிரியில் 350. ஒலி வேகம் ஏறக்குறைய வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது, அழுத்தத்தைப் பொறுத்து மாறாது. குண்டின் இழுவைக் குணகம் (காற்று அதை எவ்வளவு பின்னிழுக்கிறது என்று சொல்லும் எண்) மாக் எண்ணைப் பொறுத்தது; மாக் எண் என்பது குண்டின் வேகம் ÷ ஒலி வேகம். ஒலி வேகம் கூடினால் அதே குண்டின் மாக் எண் குறையும். ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டுக்கு மாக் குறையக் குறைய இழுவைக் குணகம் ஏறும்.

ஆக வெப்பம் இரண்டு வேலை செய்கிறது. அடர்த்தியைக் குறைத்து இழுவையைக் குறைக்கிறது, மாக்கைக் குறைத்து இழுவையைக் கொஞ்சம் கூட்டுகிறது. ஜி7 மாதிரிக் குண்டின் இழுவை வளைவில், மாக் 2-க்கும் 1.2-க்கும் நடுவே, குணகம் ஏறத்தாழ மாக்கின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். கெல்வின் வெப்பநிலை 1 சதவீதம் ஏறினால் அடர்த்தி 1 சதவீதம் குறையும், குணகம் கால் சதவீதம் ஏறும். நிகரம் முக்கால். வெப்பத்தால் கிடைக்கும் லாபத்தில் கால்பங்கை ஒலி வேகம் தின்றுவிடுகிறது.

காலை 10 டிகிரி, மதியம் 25 என்றால், அழுத்தம் மாறாதபோது, அடர்த்தி 5 சதவீதம் குறையும். அடர்த்தியை மட்டும் பார்த்தால் 0.4 மில்லுக்கு மேல் எதிர்பார்ப்போம். நிஜத்தில் 0.3 பக்கம்தான் மாறும்.

ஆப்பில் அடர்த்தி உயரத்தை மட்டும் கொடுத்தால் என்ன ஆகிறது? 1598 மீட்டர் என்று கொடுத்தால் அந்த உயரத்தின் திட்ட வெப்பநிலையை அது எடுத்துக்கொள்ளும்: 4.6 டிகிரி. ஒலி வேகம் 334. நிஜத்தில் 350. அடர்த்தி கச்சிதமாகச் சரி, மாக் எண் 5 சதவீதம் தப்பு. 1000 கஜத்தில் 0.2 மில் குறைவாக ஏற்றச் சொல்லும், குண்டு தாழும். உதாரணக் காற்றில் 1000 கஜத்தைத் தொடும்போது குண்டின் வேகம் 379 மீட்டர். நிஜ மாக் 1.08. ஆப் நினைப்பது 1.13. ஒலி எல்லைக்கு இவ்வளவு பக்கத்தில் அந்த இடைவெளி எங்கே குண்டு தள்ளாடத் தொடங்கும் என்ற கணிப்பையே நகர்த்திவிடும்.

அதனால் என் பழக்கமான பதில் இதுதான்: ஆப் அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் மூன்றையும் தனித்தனியாக வாங்கும் என்றால் அப்படியே கொடுங்கள். அடர்த்தி உயரத்தை, ஏற்றங்களை எழுதி வைத்துக்கொள்ளும் அட்டைக்கும் பேச்சுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். 600 மீட்டருக்குள் சுடுபவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

மார்ச் 14

"எல்லாம் சரியாகப் போட்டும் எப்போதும் 0.15 மில் தப்புகிறது, ஒரே திசையில்."

பிசி எந்தக் காற்றுக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். பழைய ராணுவத் திட்டக் காற்று ஒன்று உண்டு: அதே 15 டிகிரி, ஆனால் அழுத்தம் 750 மில்லிமீட்டர் பாதரசம், அதாவது 1000 ஹெக்டோபாஸ்கல், ஈரப்பதம் 78 சதவீதம். அதன் அடர்த்தி 1.203, சர்வதேசத் திட்டக் காற்றில் 98.2 சதவீதம். லேசான காற்றை அடிப்படையாக வைத்த பிசி எண் 1.8 சதவீதம் பெரிதாகத் தெரியும். அந்த எண்ணைச் சர்வதேசத் திட்டம் வைத்த ஆப்பில் அப்படியே போட்டால் குண்டு எப்போதும் கொஞ்சம் தாழும். 0.982-ஆல் பெருக்கிப் போடுங்கள்: 0.250 என்பது 0.2455 ஆகும். சில ஆப்களில் இதற்கும் ஒரு தேர்வு இருக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்துவிடாதீர்கள்.

இரண்டு திட்டத்துக்கும் வெப்பநிலை 15 என்பதால்தான் பலர் இரண்டும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறார்கள். வித்தியாசம் அழுத்தத்திலும் ஈரத்திலும் இருக்கிறது.

மார்ச் 15

குழல்வாய் வேகத்தைத் திருத்தி விடையைப் பொருத்திக்கொள்வது பற்றி. காற்றுக் கணக்கு சரி என்று உறுதியாகாமல் அதைத் தொடாதீர்கள். கடல்மட்ட அழுத்தத்தைப் போட்டு 0.8 மில் மேலே போன நண்பர் வேகத்தை 20 மீட்டருக்கு மேல் ஏற்றி 1000 கஜத்தில் பொருத்திவிடலாம். 500-இல் பொருந்தாது. வேறு உயரத்துத் தளத்துக்குப் போனால் எங்குமே பொருந்தாது. முதலில் நிலைய அழுத்தம், பிறகு வெப்பநிலை, பிறகு பிசியின் அடிப்படை, அதற்குப் பிறகு குரோனோகிராஃப் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) அளந்த வேகம். இந்த நான்கும் சரியாக இருந்து இன்னும் தப்பினால் மட்டும் வேகத்தில் கை வையுங்கள்.

மார்ச் 15, மாலை

ஆப் கேட்கும் இரண்டாவது வெப்பநிலை தோட்டாவில் உள்ள வெடிமருந்தின் வெப்பநிலை. அடர்த்தி உயரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு டிகிரிக்குக் குழல்வாய் வேகம் வினாடிக்கு அரை மீட்டர் மாறும் மருந்து என்றால் 20 டிகிரி ஏற்றத்துக்கு 10 மீட்டர், 1000 கஜத்தில் 0.3 மில்லுக்கு மேல். வெயில் நாளில் மருந்தும் குண்டை மேலே தள்ளுகிறது, லேசான காற்றும் தள்ளுகிறது; இரண்டும் ஒரே பக்கம் சேர்வதால் ஒன்றை மற்றதன் கணக்கில் எழுதிவிடுவது எளிது. பிரித்தறிய வேண்டுமானால் குரோனோகிராஃபை இரண்டு வேறு வெப்பநிலையில் வைத்து அளந்தே ஆகவேண்டும். தோட்டாக்களை நிழலில் வைத்து, துப்பாக்கியின் சூடான தோட்டா அறையில் ஒன்றை ஏற்றிவிட்டு நெடுநேரம் குறிபார்த்துக்கொண்டிருக்காமல் சுட்டால் பாதித் தொல்லை குறையும்.

மார்ச் 18

அட்டை தயாரிப்பது எப்படி என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பேட்டரி தீர்ந்துபோனால் கைகொடுப்பது அதுதான்.

மேலே அடர்த்தி உயரம் 500 மீட்டர் இடைவெளியில், ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி; பக்கவாட்டில் தூரம் 50 மீட்டர் இடைவெளியில். 600 மீட்டர் வரை ஒரே ஒரு நடுப் பத்தி போதும், அதற்கு மேல்தான் பத்திகள் பிரிகின்றன. ஒரு பத்திக்கும் அடுத்ததற்கும் 1000 கஜத்தில் 0.4 மில் பக்கம் வரும், நடுவில் இருந்தால் பாதி எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோர் ஆப்பில் அடர்த்தி உயரத்தை மாற்றி மாற்றிப் போட்டு அட்டை எடுக்கிறார்கள். 12-ஆம் தேதி எழுதிய ஒலி வேகப் பிழை அப்படியே அட்டையில் ஏறிவிடும். அதைத் தவிர்க்க வழி இருக்கிறது. நீங்கள் வழக்கமாகச் சுடும் வெப்பநிலையை நிலையாக வைத்துவிட்டு, அழுத்தத்தை மாற்றி வேண்டிய அடர்த்தி உயரத்தைக் கொண்டுவாருங்கள். 30 டிகிரி, ஈரப்பதம் பூஜ்யம் என்று வைத்தால்:

500 மீட்டர் பத்திக்கு 1016 ஹெக்டோபாஸ்கல்
1000-க்கு 967
1500-க்கு 921
2000-க்கு 876

இந்த எண்களை நேரடி அழுத்தமாகக் கொடுத்து ஏற்றங்களை எடுத்து எழுதுங்கள். அட்டையின் மூலையில் "30 டிகிரிக்கு" என்று குறித்துவிடுங்கள். 20-க்கும் 40-க்கும் நடுவே அது நன்றாகவே உழைக்கும். குளிர்காலத்துக்கு 10 டிகிரியில் இன்னொன்று. வேறு வெப்பநிலைக்கு அழுத்தம் வேண்டுமானால் 30 டிகிரிக்கான எண்ணைப் புதிய கெல்வின் வெப்பநிலையால் பெருக்கி 303-ஆல் வகுக்கவும்; 10 டிகிரியில் 1500 மீட்டர் பத்திக்கு 921 × 283 ÷ 303 = 860.

மார்ச் 19

பாதரச அங்குலத்தில் காட்டும் கருவிக்கு: 33.864-ஆல் பெருக்கினால் ஹெக்டோபாஸ்கல். 921 என்பது 27.20 அங்குலம், 860 என்பது 25.40. அட்டையின் பின்பக்கம் இரண்டையும் எழுதிவைத்தால் வேறொருவர் கருவியை வாங்கிப் பார்க்கும்போதும் பயன்படும்.